குறி இழந்த எழுத்து: ஜாங்கோ நிருவாக இடைமுகத்தின் மறுவடிவமைப்பு

நாவலும் கவிதையும் நாடகமும் விமர்சனத்துக்கு உரியன என்பதை எவரும் மறுப்பதில்லை. கணினித் திரை ஒன்றினை விமர்சனப் பொருளாகக் கொள்வது நம்மிற் சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். எனினும் இன்றைய எழுதுவினைஞரும் நூலக உதவியாளரும் செய்தி ஆசிரியரும் தம் பணிநேரத்தின் பெரும்பகுதியில் வாசிப்பது திரையையே. அத்திரை சொற்களால் ஆனது. ஒருவர் தம் வேலையை எவ்வாறு எண்ணிப்பார்க்க வேண்டும் என்பதை ஒவ்வொரு பொத்தானிலும் அது அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆதலின் அதனை ஒரு பிரதியாக வாசிப்பதில் தவறில்லை எனக் கருதுகிறேன். இங்கு நான் எடுத்துக்கொண்ட பிரதி, ஜாங்கோ எனப்படும் திறந்தமூல வலைச் சட்டகத்தின் நிருவாக இடைமுகம். குறிப்பாக 2015 ஆம் ஆண்டு அது பெற்ற புதிய வடிவம்.

இச்சட்டகத்தின் பிறப்பு ஒரு பத்திரிகை அலுவலகத்தில் நிகழ்ந்தது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லோறன்ஸ் என்னும் சிறு நகரின் நாளேடான 'லோறன்ஸ் ஜேர்னல்-வேர்ல்ட்'டின் இணையப் பிரிவிற் பணியாற்றிய ஏட்ரியன் ஹொலோவாற்றி, சைமன் விலிசன் ஆகியோர் 2003 இல் இதனை எழுதத் தொடங்கினர். 2005 ஜூலையில் அது பொதுவெளிக்குத் திறந்துவிடப்பட்டது. பெயர், கித்தார்க் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹாட்டை நினைவுகூர்வது. செய்தியாளருக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆயினும் செய்தியும் விளையாட்டு முடிவுகளும் அன்றாடம் ஏற்றப்படவேண்டும். நிரலாளர் தரவின் அமைப்பை ஒருமுறை விவரித்துவிட்டால், அதனை உள்ளிடவும் திருத்தவும் நீக்கவும் வேண்டிய திரைகள் தாமாகவே உருவாகும் ஓர் ஏற்பாடு அங்கு தேவைப்பட்டது. அதுவே நிருவாக இடைமுகம். அதன் முதல் தோற்றத்தை வில்சன் மைனர் என்னும் வடிவமைப்பாளர் அமைத்தார். நீலத் தலைப்பட்டை, அதன்மேல் வெளிர்மஞ்சள் எழுத்து, நெருக்கமான சிறு எழுத்துகள், சாய்ந்த நிழல்கள். ஏறத்தாழப் பத்தாண்டுகள் இத்தோற்றம் மாறவில்லை. அதன்மேற் போர்த்துவதற்கென வெளியார் பலர் புதுப்புது ஆடைகள் தைத்தனர். 'கிராப்பெலி' என்பது அவற்றுள் நன்கறியப்பட்டது.

2015 டிசம்பரில் வெளிவந்த 1.9 ஆம் பதிப்பு, முன்னர் தனித் தொகுதியாக வழங்கிய தட்டையான தோற்றம் ஒன்றினைச் சட்டகத்தின் சொந்தத் தோற்றமாகவே ஏற்றுக்கொண்டது. நிழல்கள் அகன்றன. எழுத்துகள் பெருத்தன, வரிகளுக்கிடையே காற்று புகுந்தது. சின்னங்கள் எவ்வளவு பெருப்பித்தாலும் மங்காத வகையில் வரையப்பட்டன. 2017 டிசம்பரில் வந்த 2.0, கைத்தொலைபேசித் திரைக்கும் பொருந்துமாறு அதனை வளைத்தது. 2020 இல் பக்கவாட்டுப் பட்டியலும் 2021 இல் இருள்நிறத் தோற்றமும் சேர்ந்தன. இவை நன்மைகளே. பழைய திரையில் தமிழெழுத்துகள் ஒன்றன்மேலொன்று மிதித்துக்கொண்டு நின்றதைக் கண்டவர்கள் புதிய இடைவெளிக்கு நன்றி சொல்வர்.

ஆயினும் ஒன்றினை இவ்விடத்தில் நோக்கவேண்டும். ஈழத்து விமர்சனத்தில் உருவம், உள்ளடக்கம் என்ற விவாதம் நெடுங்காலம் நிகழ்ந்தது. கைலாசபதி, சிவத்தம்பி ஆகியோர் ஒருபுறமும் அவர்களோடு முரண்பட்ட மு. தளையசிங்கம் முதலியோர் மறுபுறமும் நின்று நிகழ்த்திய வாதங்களை நாம் பாடமாகவே படிக்கிறோம். அந்த அளவுகோல் கொண்டு பார்ப்பின், 2015 இன் சீர்திருத்தம் உருவச் சீர்திருத்தமே என்று ஒரு வரியில் தீர்ப்புச் சொல்லி அமைந்துவிடலாம். நானும் முதலில் அவ்வாறே எண்ணியிருந்தேன். அதே பதிப்பில் வந்த இன்னொரு மாற்றம் அந்த எண்ணத்தைக் குலைத்தது. எழுத்தளவில் வந்து நின்றால் உருவம் எது உள்ளடக்கம் எது என்று பிரிக்கவியலாது என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

அதனைச் சற்று விளக்கவேண்டும். பத்திரிகை அலுவலகங்களில் ஒரு செய்திக்குச் சுருக்கமாக இடும் அடையாளப் பெயரை 'ஸ்லக்' என்பர். ஜாங்கோ தன் பிறந்தகத்து வழக்கை மறக்காமல் அச்சொல்லையே எடுத்துக்கொண்டது. நிருவாகத் திரையில் ஒரு நூலின் தலைப்பைத் தட்டச்சிடும்போதே அதனருகிலுள்ள கட்டத்தில் அத்தலைப்பின் ஸ்லக் தானாக உருவாகும். அதுவே பின்னர் அந்நூலின் வலைமுகவரியிற் சேரும். தலைப்பு ஆங்கிலமாயின் இடைவெளிகள் கோடுகளாகி முகவரி அமையும். ரஷ்யம், கிரேக்கம், அரபு முதலிய மொழிகளாயின் உரோம எழுத்துக்கு மாற்றும் அட்டவணைகள் அதனுள் உள. தமிழுக்கு அட்டவணை இல்லை. ஆகவே தமிழ்த் தலைப்பு இடுவோர்க்குக் கட்டம் வெறுமையாகவே கிடந்தது.

1.9 ஆம் பதிப்பு இக்குறையைத் தீர்க்க முன்வந்தது. நிரலாளர் அனுமதித்தால் ஸ்லக்கில் எம்மொழி எழுத்தும் இடம்பெறலாம் என்றது. நல்ல நோக்கம். ஆனால் 'எழுத்து' என்பதற்கு அது கொண்ட வரைவிலக்கணத்தைப் பாருங்கள். ஒருங்குறித் தராதரம் ஒவ்வொரு வடிவத்தையும் ஒரு வகையில் அடக்குகிறது. அ, க, ழ போன்றவை எழுத்து என்னும் வகையைச் சார்ந்தவை. புள்ளியும், ா, ி, ு, ை முதலிய உயிர்க்குறிகளும் குறி என்னும் வேறு வகையைச் சார்ந்தவை. ஜாங்கோவின் அந்தச் சிறு நிரல்துண்டு எழுத்தையும் எண்ணையும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை நீக்கியது. குறிகளைப் பற்றி அதை எழுதியோர் நினைக்கவில்லை.

விளைவு: 'தமிழ்' என்று இட்டால் 'தமழ' என்று வந்தது. 'கொழும்பு' 'கழமப' ஆயிற்று. 'வெள்ளவத்தை' 'வளளவதத' ஆகவும், 'கொட்டாஞ்சேனை' 'கடடஞசன' ஆகவும் நின்றன. தானாக வந்தது பிழை, கையால் திருத்திக்கொள்வோம் என்று ஒருவர் 'தமிழ்' என முழுமையாக எழுதிச் சேமித்தாலும் பயனில்லை. மறுமுனையிலுள்ள சரிபார்ப்பும் அதே வரைவிலக்கணத்தைக் கொண்டதால், எழுத்துகளும் எண்களும் கோடுகளும் மட்டுமே கொண்ட ஸ்லக்கை இடுமாறு கூறி அதனைத் திருப்பிவிடும். அதாவது 'தமிழ்' என்ற சொல் எழுத்துகளால் ஆனதன்று என்று ஓர் இயந்திரம் ஒரு தமிழருக்குச் செய்தி அனுப்புகிறது. நகைப்புக்குரியதுதான். ஆனால் அச்செய்தியைப் பெற்ற நூலக உதவியாளர் நகைப்பதில்லை. தாம் ஏதோ தவறு செய்துவிட்டதாகவே எண்ணுகிறார்.

மெய்யெழுத்துப் புள்ளியோடு நிற்பதே இயல்பு என்பதைத் தொல்காப்பியர் விதியாகவே வகுத்தார். நடைமுறையில் ஓலையில் எழுதியோர் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். ஓலை கிழியும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அதனாற் பதிப்பாசிரியர் பட்ட பாட்டினை நாம் அறிவோம். எனினும் ஏடெழுதியவர் புள்ளியை விட்டாரேயன்றி உயிர்க்குறிகளை விடவில்லை. 'தமிழ்' என்பதைத் 'தமிழ' என்று எழுதியிருப்பார். 'தமழ' என்று ஒருக்காலும் எழுதியிரார். எழுத்தாணியும் பனையோலையும் பாதுகாத்ததனைக் கணினி களைந்தது என்பது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

தொழில்நுட்பம் இடங்கொடுக்கவில்லை என்று இதற்குச் சமாதானம் கூற இயலாது. பெயர்களையும் அடையாளங்களையும் அமைக்கையில் குறிகளையும் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்பதே ஒருங்குறித் தராதரத்தின் சொந்தப் பரிந்துரை. நம் நாட்டிலேயே சான்று உண்டு. இலங்கைக்குரிய தமிழ் இணையப் பெயரான '.இலங்கை' 2010 இல் அங்கீகாரம் பெற்றது. அதில் ஒரு புள்ளியும் ஓர் ஐகாரக் குறியும் உள்ளன. இணையத்தின் ஆணிவேராகிய பெயர்முறைமை அவ்விரண்டையும் ஏற்றுக்கொண்டு ஐந்தாண்டு கழிந்த பின்னர், ஜாங்கோவின் கட்டத்தில் அதே சொல் 'இலஙக' ஆனது. இன்னும் பின்னோக்கிச் சென்றால், 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், 2005 இல், அதாவது ஜாங்கோ வெளியிடப்பட்ட அதே ஆண்டில், தொடங்கப்பட்ட ஈழத்து 'நூலகம்' மின்னூலகமும் மீடியாவிக்கி என்னும் இன்னொரு திறந்தமூல மென்பொருளின் மீது இயங்குகின்றன. அங்கே பக்கத்தின் தமிழ்த் தலைப்பே அதன் முகவரி. ஒரு குறியும் உதிர்வதில்லை. பழைய சஞ்சிகையொன்றைத் தேடி நூலகத்துக்குள் நுழையும் மாணவர் எவரும் இதனை ஒரு சாதனையாக எண்ணுவதில்லை. அவ்வாறு எண்ணாமலிருப்பதே அதன் சிறப்பு.

இனி இடைமுகத்தின் தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். ஜாங்கோவின் நிருவாகத் திரை தமிழிலும் தோன்றும். ஊதியமின்றித் தொண்டர்கள் செய்த மொழிபெயர்ப்பு அது. அம்முயற்சியைக் குறைத்து மதிப்பது என் நோக்கமன்று. ஆனால் அங்குள்ள சொற்கள் திரையைப் பாராமல், சொற்பட்டியலை மட்டும் பார்த்துப் பெயர்க்கப்பட்டவை என்பது வெளிப்படை. முதற்பக்கத்துக்குத் திரும்பும் இணைப்பு 'வீடு' எனப்படுகிறது. கொட்டாஞ்சேனையிற் சிறு வாசிகசாலை ஒன்றின் நூற்பட்டியலை ஒழுங்குசெய்ய நான் உதவியபோது, அங்கு பொறுப்பாயிருந்த பெரியவர், அச்சகமொன்றில் நெடுங்காலம் ஒப்புநோக்குநராக இருந்தவர், திரையைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "தம்பி, வீடு எண்டு போட்டிருக்கு. ஆற்றை வீடு?" என்று கேட்டார். "முதற்பக்கம் ஐயா" என்றேன். "அப்ப நான் நினைச்சது மோட்சம்" என்றார் அவர். அறம், பொருள், இன்பம், வீடு என்னும் வரிசையில் வளர்ந்த ஒருவருக்கு அது வெறும் பகிடியன்று. சொல்லுக்கு நம் மொழியில் ஏற்கெனவே ஓர் இருப்பிடம் உண்டு என்ற நினைவூட்டல்.

வழங்கியில் நேரும் கோளாறு 'சேவகன் தவறு' என்று பெயர்க்கப்பட்டிருக்கிறது. பிழையின் பொறுப்பை வேலைக்காரன் தலையில் ஏற்றும் நிலப்பிரபுத்துவ மனப்பாங்கு எங்கே ஒளிந்திருக்கிறது பாருங்கள் என்று நம் முற்போக்கு நண்பர்கள் ஒரு கட்டுரையே எழுதலாம். புகுவதற்கான சொல் 'உள்ளே போ'. நீங்கள், நீர், நீ என மூன்று படிகளில் மரியாதையை அளந்து பேசும் யாழ்ப்பாண வழக்கினின்றும் வந்த ஒருவரை இயந்திரம் எடுத்த எடுப்பிலேயே 'போ' என்கிறது.

வெளிவருவதற்கான சொல் 'வெளியேறு'. இச்சொல்லை நான் எளிதிற் கடந்து செல்ல முடியவில்லை. 2007 ஜூன் 7 ஆம் நாள், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களிலுள்ள விடுதிகளிலிருந்து தமிழர் நூற்றுக்கணக்கானோர் எழுப்பப்பட்டுப் பேருந்துகளில் ஏற்றி வவுனியா முதலிய ஊர்களுக்கு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அச்செயலுக்கு இடைக்காலத் தடை விதித்தது. இவ்வீதிகளில் வாழும் குடும்பங்களுக்கு 'வெளியேறு' என்பது அகராதிச் சொல்லன்று. மொழிபெயர்த்தவர் அதை அறிந்திருக்கவேண்டும் என்று நான் வாதிடவில்லை; அவர் எந்த நாட்டிலிருந்து, எந்த வீட்டு மேசையிலிருந்து அதனை எழுதினாரோ. நான் சொல்லவருவது வேறு. ஏவலொருமையில் நிற்கும் ஒரு வினைச்சொல்லைப் பொத்தானில் எழுதுகையில், யார் யாரை நோக்கிப் பேசுகிறார் என்ற கேள்வி எழுந்தே தீரும். பொத்தான் பயனரை ஏவுகிறதா, பயனர் இயந்திரத்தை ஏவுகிறாரா? 'சேமிக்க', 'நீக்குக' என்னும் வடிவங்கள் இக்கேள்வியை நாகரிகமாகத் தாண்டிவிடுகின்றன. அவையும் அதே திரையில் உள்ளன. ஒரே பலகையில் ஒரு பொத்தான் வேண்டுகிறது, இன்னொன்று அதட்டுகிறது. நிறமும் இடைவெளியும் ஒருசீராக்கப்பட்ட மறுவடிவமைப்பில் இந்தக் குரல் முரண்பாடு எவர் கண்ணுக்கும் படவில்லை. குரலைக் கண்ணாற் பார்க்க இயலாதுதான்.

வேறு சில குறைகளையும் சுருங்கச் சொல்லலாம். பிந்திய பதிப்புகளிற் சேர்ந்த பல தொடர்கள் தமிழில் வரவேயில்லை. தமிழ்த் திரையின் நடுவே அவை ஆங்கிலத்தில் நிற்கின்றன. 1.9 தன்னோடு கொண்டுவந்த 'ரொபோட்டோ' எழுத்துருவில் தமிழ் இல்லை. ஆதலால் ஆங்கிலச் சொற்கள் தேர்ந்த ஆடையிலும் தமிழ்ச் சொற்கள் அந்தக் கணினியில் அகப்பட்ட ஆடையிலும் தோன்றின. அகரவரிசையும் கெட்டது. சட்டகம் இயல்பாகப் பயன்படுத்தும் தரவுத்தளம் எழுத்தின் எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்துவதால், 'பக்கம்' முன்னும் 'பகல்' பின்னும் வரவேண்டிய இடத்தில் 'பகல்' முந்திக்கொள்கிறது. னகரம் பகரத்துக்கு முன்னே போய் நிற்கிறது. 2021 இல் வந்த 3.2 ஆம் பதிப்பு, ஒவ்வொரு புலத்துக்கும் வரிசைமுறையைத் தனியே குறிக்க வழி செய்தது. அதே பதிப்பில் வந்த இருள்நிறத் தோற்றத்துக்கு இருந்த ஆரவாரம் இதற்கு இருக்கவில்லை. தமிழ் நூற்பட்டியல் செய்வோர்க்கு அப்பதிப்பின் பெருங்கொடை இதுவே என்பேன்.

இவ்விமர்சனத்துக்கு ஜாங்கோவின் ஆதரவாளர் கூறத்தக்க விடை ஒன்று உண்டு. நிருவாக இடைமுகம் ஒரு நிறுவனத்தின் உள்வீட்டு உபயோகத்துக்கே உரியது, பொதுமக்களுக்கென அமைந்ததன்று என்று அதன் ஆவணங்களே கூறுகின்றன. உள்ளேயிருப்போர் பழகிக்கொள்வர், அவர்களுக்காக இவ்வளவு அலட்டிக்கொள்வானேன் என்று கேட்கலாம். இவ்வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. தரவமைப்பிலிருந்து தானாகவே பிறக்கும் திரை எல்லார்க்கும் பொதுவாகவே இருக்கமுடியும். கலையழகை அதனிடம் எதிர்பார்ப்பது நேர்மையன்று. ஆயின் உள்ளேயிருப்போர் யார்? வெளியே வாசகர் காணும் ஒவ்வொரு தலைப்பையும் ஒவ்வொரு பெயரையும் எழுதுவோர் அவர்களே. அங்கே உதிர்ந்த குறி வெளியே வந்து ஒட்டிக்கொள்ளப்போவதில்லை. அன்றியும், உள்வீட்டு மொழி எப்படியும் இருக்கலாம் என்ற எண்ணத்தின் விளைவுகளை இந்நாட்டுத் தமிழர் போல அனுபவித்தவர் சிலரே. 1987 இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிய பின்னரும், தமிழ் வாசலில் பெயர்ப்பலகையாகத் தொங்க, உள்ளே கோப்புகள் வேறுமொழியில் நகர்வதை நாம் காண்கிறோம். பலகையிலுள்ள தமிழும் பலவிடங்களிற் குறி இழந்தே நிற்கிறது. வர்ணம் தீட்டுபவர் புள்ளியை மறப்பதும் நிரலாளர் புள்ளியை மறப்பதும் ஒரே காரணத்தால்: வாசித்துப் பார்க்கும் தமிழர் ஒருவர் அவ்வேலையின் எந்தக் கட்டத்திலும் அருகில் இல்லை.

அந்த ஒருவர் எங்கே போனார் என்பதே என் மனத்தை உறுத்தும் கேள்வி. திறந்தமூல மென்பொருளில் பிழையைக் கண்டவர் திருத்தத்தை எழுதி அனுப்பலாம். எவரிடமும் விண்ணப்பப் படிவம் வாங்கத் தேவையில்லை. கொழும்புக்கு இது புதியதுமன்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் லங்கா சொஃப்ட்வெயர் ஃபவுண்டேசனைச் சூழ்ந்த தொண்டர்கள் இந்நகரிலிருந்தே 'சஹானா' என்னும் திறந்தமூல நிருவாக மென்பொருளை எழுதினர். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் எல்லாவற்றையும் பதிவதற்கான திரைகள் அவை. ஃபிரீ சொஃப்ட்வெயர் ஃபவுண்டேசன் சமூக நன்மைக்கென வழங்கும் 2006 ஆம் ஆண்டு விருதினை அது பெற்றது; பின்னர் ஜாங்கோ எழுதப்பட்ட அதே பைதன் மொழியில் 'ஈடன்' என மறுபடி எழுதப்பெற்றுப் பிறநாட்டுப் பேரிடர்களிலும் பயன்பட்டது. ஆகவே நிருவாகத் திரை என்பது எங்கோ கன்சாஸிலிருந்து வந்திறங்கும் பண்டம் மட்டுமன்று. குறையெல்லாம், நிரல் அறிந்தோர் தமிழிலக்கணத்தைத் தமக்கு அயலானதாகக் கருதுவதும், தமிழ் படிப்போராகிய நாம் நிரலைத் தமக்கு அயலானதாகக் கருதுவதுமே. எழுத்ததிகாரத்தை ஓராண்டு முழுவதும் படிக்கிறோம். எது எழுத்து, எது சார்பெழுத்து என்று பரீட்சையில் பக்கம்பக்கமாக எழுதுகிறோம். அதே கேள்விக்கு ஒரு நிரல்துண்டு தவறான விடை எழுதியபோது அதற்குப் புள்ளி குறைக்க நம்மில் எவரும் அங்கு இருக்கவில்லை.

வாசிகசாலைப் பெரியவர் அத்திரையை ஒப்புநோக்கும் தாளாகவே கருதினார். ஓரத்திற் பென்சிலாற் குறித்துத் தந்த திருத்தங்கள் இருபத்துமூன்று. 'வீடு' 'முகப்பு' ஆயிற்று. 'உள்ளே போ' 'உட்புகுக' ஆயிற்று. 'வெளியேறு' என்பதற்கு அவர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். பின்னர் 'விடைபெறுக' என்று எழுதினார். பொத்தானுக்கு நீளம் அதிகம் என்றேன். "பொத்தானை நீட்டும் தம்பி" என்றார். நீட்டினேன். புதிய வடிவமைப்பு அதற்கு இடங்கொடுத்தது என்பதையும் இங்கு சொல்லவேண்டும். பழையதாயின் சொல் பாதியில் வெட்டுண்டிருக்கும். ஸ்லக்கை மட்டும் எங்களால் சரிசெய்ய முடியவில்லை. 'கழமப' என்ற முகவரியில் கொழும்பைப் பற்றிய நூலொன்றை வைக்க அவர் உடன்படவில்லை. ஆங்கில எழுத்தில் எழுதலாம் என்றதற்கும் உடன்படவில்லை. இப்போது அப்பட்டியலில் நூல்களின் முகவரியாக எண்கள் நிற்கின்றன.